ஒரு சாண் தூரம்

"திரும்பவும் கோணல்!"

பியோன் சாங்-உக் விசிலை வாயிலிருந்து எடுத்தான். கொரியாவின் பூசான் துறைமுகத்து மீன் கிடங்குக்கு மேற்பார்வையாளனாக வந்து மூன்றே நாள். அதற்குள் இப்படி ஒரு டிரைவரா வந்து வாய்க்க வேண்டும்?

ஐந்தாவது தடவையாக அந்த நாற்பதடி டிரெய்லர் பின்னால் வந்தது. சரக்கு இறக்கும் மேடையின் ரப்பர் கட்டைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. வால் பக்கம் இடதுபுறம் ஒதுங்கியிருந்தது. மறுபடி முன்னால் போனது.

"மெங் அண்ணே! மேடைத் தகடு போன வாரம்தான் புதுசா மாட்டினது. இடிச்சுத் தொலைச்சிடாதீங்க!"

"இடிக்க மாட்டேன் சார்."

மெங் கி-பியோவுக்கு முப்பது வருஷ டிரெய்லர் அனுபவம். முகத்தில் பதற்றம் மருந்துக்கும் இல்லை. சாங்-உக்குக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னால் மூன்று வண்டிகள் ஹாரனை அலறவிட்டன.

"யோவ் பெருசு! லைசென்ஸ் நூடுல்ஸ் பாக்கெட்டுல இலவசமா வந்துச்சா?"

கப்பல் தாமதமானதால் எல்லா வண்டிகளும் ஒன்றாகக் குவிந்துவிட்டன. மணி மூன்று. சாங்-உக் வந்ததும் போட்ட முதல் உத்தரவு இதுதான்: வண்டி ரப்பரைத் தொட்ட நொடியில் மேடைக் கடிகாரம் ஓடும், நாற்பது நிமிஷத்தில் மீன் பெட்டி அத்தனையும் இறங்கியாக வேண்டும், அடுத்த வண்டி உடனே. நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி கிடையாது. அவன் மட்டும் பன்னிரண்டுக்கே டாணென்று பன்றிக்கறி சூப்பும் சோறும் சாப்பிட்டு, பல்லும் தேய்த்துவிட்டு வந்திருந்தான்.

தாமதப் படிவத்தை எடுத்து, 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஓட்டுநர் மெங் கி-பியோ' என்று எழுதினான்.

"அண்ணே, முந்தாநாள் ஒண்ணு, நேத்து ஒண்ணு, இது மூணாவது. மூணு படிவம் சேர்ந்தா இந்தக் கிடங்குப் பக்கமே உங்க வண்டி வர முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

ஆறாவது தடவை. ஒரு சாண். கோணல்.

சீ என்று ஆகிவிட்டது. ஆட்களையாவது தயாராக நிறுத்துவோம் என்று பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

மூடிய ஷட்டருக்குப் பின்னால் நாலு பேர், குளிருக்குப் போட்ட தடித்த கோட்டோடு, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அடித்துப் பிடித்து எழுந்தார்கள்.

"வண்டி வெளிய நிக்குது, இங்க சாப்பாடா?"

"இன்னும் தொடலையே சார்," என்றாள் யாங் மல்-சூன், வாய் நிறையச் சோற்றோடு. "தொட்டாத்தானே கடிகாரம் ஓடும்? மூணு நாளா மெங் அண்ணன் வண்டி வரும்போதுதான் எங்களுக்குச் சோறு. இதோ, முடிஞ்சிருச்சு."

சாப்பிட்ட உலோகக் குச்சியால் ஷட்டரை இரண்டு முறை தட்டினாள்.

வெளியே எஞ்சின் உறுமியது. சாங்-உக் கதவு வழியே எட்டிப் பார்த்தான். அத்தனை பெரிய வண்டி, நூல் பிடித்த மாதிரி நேராக வந்துகொண்டிருந்தது.

திரும்பினான். பல் போன கிழவர் கூ பொங்-சில் பாதிச் சோற்றை அப்படியே வைத்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"போதும் சார். எனக்குப் பசியே இல்ல."

சாங்-உக் வெளியே ஓடினான். விசிலை ஊதினான். ஒரு சாணில் வண்டி நின்றது.

"கோணல்! முன்னாடி போங்க!"

மெங் கி-பியோ தலையை வெளியே நீட்டினார். "நேராத்தானே சார் இருக்கு?"

"எனக்குக் கோணலாத் தெரியுது. போயிட்டு மெதுவா வாங்க."

வரிசையிலிருந்து குரல் வந்தது: "ஓட்டத் தெரியாதவனுக்குக் கை காட்டத் தெரியாதவன்! நல்ல ஜோடிடா!"

சாங்-உக் படிவத்தில் 'ஓட்டுநர் மெங் கி-பியோ'வை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினான்.