பதினெட்டு முடியட்டும்

"இது உங்க கடையில வாங்குனதுங்களா?"

அன்புக்கரசி ஒரு பச்சை லைட்டரைக் கடைப் பலகைமேல் வைத்தாள். பக்கத்திலேயே பள்ளிக்கூட அடையாள அட்டை ஒன்றையும் வைத்தாள். நவநீத், பதினொன்றாம் வகுப்பு என்று அதில் போட்டிருந்தது.

குமாரசாமி அட்டையைத் தொடவில்லை. அவிநாசியில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சந்தில் இருபது வருசமாகப் பெட்டிக்கடை வைத்திருப்பவர். போன மாதம்தான் நாலு கடை தள்ளி ஒருத்தன் கடையை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து யார் வந்து என்ன கேட்டாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

"இந்த மாதிரி லைட்டரு ஊரெல்லாம் விக்குதுங்க அம்மணி. எனக்கென்ன தெரியும்?"

"பையனோட கூட்டாளி உங்க கடையத்தானுங்க சொன்னான். சிகரெட்டும் இங்கதான் வாங்குவான்னு சொல்லிப்போட்டு ஓடிட்டான்."

"மேல பாருங்க." தலைக்கு மேல் தொங்கிய போர்டைக் காட்டினார். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம் என்று எழுதியிருந்தது. ஷாம்புச் சரம் மறைத்துப் பாதி எழுத்துத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதை எவனும் போர்டில் எழுதுவதில்லை.

"எழுதியே வெச்சிருக்கறனுங்க. அப்பறம் அந்தப் பையனுக்கு நான் எதுக்குக் குடுக்கறேன்? பதினஞ்சு நாளா இந்தப் பக்கமே வரலீங்க அவன்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடையோரம் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர் தனபால் சிரித்துவிட்டார். "ஏனுங்ணா, தெரியாத பையன் பதினஞ்சு நாளா வரலைன்னு மட்டும் எப்புடித் தெரிஞ்சுது?"

"நீ பழத்தத் தின்னுப்போட்டு நடையக் கட்டு."

அன்புக்கரசி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "அவன் வரலைன்னு தெரியுங்க," என்றாள். "என்ன சிகரெட்டு குடிப்பான்? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"கையில போன் வெச்சிருக்கறீங்க. வீடியோ எடுக்கறீங்ளா?"

அவள் போனை அணைத்துப் பலகைமேல் கவிழ்த்து வைத்தாள். தோளில் கிடந்த பையையும் இறக்கி வைத்தாள். காந்திபுரத்துத் துணிக்கடைப் பை. உள்ளே விலைச்சீட்டுப் பிரிக்காத ஒரு சட்டை, தேன்மிட்டாய், நேந்திரம் சிப்ஸ், ஒரு பாட்டில் கலர் சோடா.

"அவனுக்குப் புடிச்சதெல்லாம் வாங்கிப்போட்டனுங்க. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியாது. ஊட்ல சொல்லாமயே வெச்சிருந்தான்."

குமாரசாமிக்கு எரிச்சல் வந்தது. "கேட்டதையெல்லாம் வாங்கிக் குடுத்து, செல்லங் குடுத்துக் கெடுக்கறது நீங்க. பழி மட்டும் பொட்டிக்கடைக்காரன் தலையில."

 அவள் இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இவள் போனால்தான் வியாபாரம் நடக்கும்.

"நீலப் பெட்டிங்க," என்றார் குரலை இறக்கி. "பஞ்சு முனைய நசுக்குனா புதினா வாசம் வருமே, அது. சாயங்காலம் பள்ளிக்கூடம் உட்டதும் ஒண்ணு. வாய் வாசம் போறதுக்கு ஒரு புதினா மிட்டாயி. பதினெட்டு ஆச்சுன்னுதான் சொன்னானுங்க. ஒவ்வொருத்தன்கிட்டயும் ஆதார் கார்டா கேட்டுட்டு இருக்க முடியும்?"

அவள் ஒருமுறை தலையாட்டினாள். நீலப் பெட்டி என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அதுல ஒண்ணு குடுங்ணா. மிட்டாயும்."

"எதுக்குங்க? கேசுக்கா?"

"அவனுக்குத்தானுங்க."

பெட்டிக்கு நீட்டிய கையை குமாரசாமி இழுத்துக்கொண்டார். பெத்தவளே பையனுக்கு சிகரெட் வாங்குவாளா? இதில் என்னவோ பொறி இருக்கிறது.

"தெரிஞ்சே குடுக்க மாட்டனுங்க!" பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். "பதினெட்டு முடியட்டும். அப்பறம் அவனே வந்து வாங்கிக்கட்டும்."

அன்புக்கரசி அடையாள அட்டையை எடுத்துச் சட்டைக்கு மேலே வைத்துப் பையை மூடினாள்.

"நாளைக்கு அவனுக்குக் கருமாதிங்ணா. எலையில வெக்கறதுக்குங்க."