டாவா

"எந்தக் கால்வே?" பக்கத்துக் கட்டில் வேதமுத்து மறுபடியும் கேட்டார்.

"வலது கால்தான். எத்தனை மட்டம் கேப்பீரு?" இசக்கி எரிந்து விழுந்தான்.

வெளியே பார்த்தால் அவனுடைய இரண்டு கால்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றின் உள்ளே எலும்பு அழுகியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அந்தக் காலை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

"அண்ணாச்சி, தாராவியிலேருந்து இவுகளை ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்ததே பெரும்பாடு. நீங்க வேற பயங்காட்டாதீக" என்றாள் அவன் மனைவி பூமாரி.

வேதமுத்து போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டார்.

தள்ளுவண்டி வந்தது. இசக்கியை அதில் கிடத்தியதும் டாக்டர் குனிந்து கேட்டார். "டாவா?"

இசக்கிக்குப் பம்பாய் இந்தி கொஞ்சம் தெரியும். தாயா என்றால் வலது. அதைத்தான் கேட்கிறார் என்று தலையாட்டினான். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். வண்டி நகர்ந்தது.

"நிறுத்துங்க!" வேதமுத்து கட்டிலிலிருந்து எட்டி இசக்கியின் வலது காலைப் பிடித்துக்கொண்டார். "டாவா நஹி சாப்! தாயா! தாயா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கையிலிருந்த சீட்டில் எழுதியதை அடித்து மாற்றினார். வண்டி போய்விட்டது.

"என்ன அண்ணாச்சி?" பூமாரி அவர் கட்டிலருகே வந்தாள்.

"அவரு கேட்டது மராத்திம்மா. அதுல டாவான்னா இடது."

பூமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். "மராத்தி இம்புட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கீகளே!"

"அந்த ஒத்த வார்த்தைதான் தெரியும்."

வேதமுத்து போர்வையை விலக்கினார். தொடைக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை.

"நானும் இப்படித்தான் தலையாட்டுனேன். நல்ல காலைத்தான் மொதல்ல எடுத்தாவ."