ஒன்பதாவது கேள்வி

"கையில சாவிய வச்சிக்கிட்டே வீடில்லன்னு எழுதச் சொல்றியா?"

கணக்கெடுப்பு இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி கேட்டதும், கதவைப் பூட்டிக்கொண்டிருந்த குஞ்சம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சாவி பூட்டிலேயே தொங்கியது. அதில் ஒரு சிவப்புக் கயிறு.

படிவத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று தாமரைச்செல்வி தயங்கினாள். வீடற்றவர்கள் கணக்கெடுப்பில் அவள் சேர்ந்து பத்து நாள். அதற்குள் பதினேழு பெயர்களை இந்த இன்ஸ்பெக்டர் நீக்கிவிட்டார். இன்று கடைசி நாள். பட்டியலில் பெயர் ஏறினால் தவளக்குப்பத்தில் கட்டியிருக்கும் குடியிருப்பில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. ஏறாவிட்டால் அடுத்த திட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"இது என் வீடு இல்ல சார். மொதலாளி முசியே வீடு. அவரு பிரான்சுல இருக்காரு. நான் தெனம் தெறந்து, பெருக்கி, பூட்டுறவ."

"தூங்கறது?"

அவள் வாசற்படியைக் காட்டினாள். இரண்டு கல்படி. ஓரத்தில் சுருட்டிய பாய், தூக்குப் பாத்திரம், ஒரு சாக்கு மூட்டை.

"எத்தனை வருஷமாக்கா?" என்றாள் தாமரைச்செல்வி.

"மில்லு மூடி ஆறு வருஷம். எங்க வீட்டுக்காரரு செத்துப்போயி நாலு. அதோட வாடகை வீடும் போச்சு. நாலுன்னே எழுதிக்க கண்ணு."

"உள்ள எத்தனை ரூமு?" இது இன்ஸ்பெக்டர்.

"மாடியோட பதினொன்னு சார்."

"பதினொரு ரூமுக்குச் சாவி வச்சிருக்கவ படியில படுக்கிறா. இத நான் நம்பணும்."

"வேணும்னா வந்து பாருங்களேன்."

கதவை மறுபடியும் திறந்தாள். கூடத்து நாற்காலிகளுக்கெல்லாம் துணி போர்த்தியிருந்தது. அறைக்கு ஒரு கட்டில். கட்டிலுக்கு ஒரு வெள்ளை விரிப்பு.

"வாரா வாரம் விரிப்ப மாத்தித் துவைக்கணும். யாரு படுத்துக் கசங்குச்சோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

தாமரைச்செல்வி சிரித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ஏங்க்கா, மழை நாள்லயாவது ஒரு மூலையில படுத்துக்கலாமே. யாருக்குத் தெரியப்போவுது?"

"படுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் சாவியக் குடுத்தாரு. உள்ள படுத்தா நாளைக்கு வீடே என்னுதுன்னு சொல்லிடுவேனாம். நானும் சரின்னு தலையாட்டித்தானே வாங்கினேன்? அப்புறம் எப்படிப் படுக்கறது?"

தெய்வசிகாமணி படிவத்தை வாங்கி ஒன்பதாவது கேள்வியை விரலால் தட்டினார். அதன் கீழே ஒரு குறிப்பு: வீட்டுச் சாவி கைவசம் இருப்பவர்கள் நீக்கப்படுவார்கள்.

"போன தடவ என்னா நடந்திச்சு தெரியுமா? சொந்த வீட்டப் பூட்டிட்டு வந்து பிளாட்பாரத்துல உக்காந்தானுங்க. ரூம வாங்கி வாடகைக்கு வுட்டானுங்க. கையெழுத்துப் போட்டவன் நானு. மூணு வருஷம் விசாரணைக்கு நடந்ததும் நானு."

"இது வேலைக்காகக் குடுத்த சாவி சார்," என்றாள் தாமரைச்செல்வி.

"வேலச் சாவி, வீட்டுச் சாவின்னு ரெண்டு கட்டம் போட்டிருக்கா இதுல?"

"இல்லன்னு எழுதிடட்டுமா சார்? யார் வந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டனே. என் லிஸ்ட்டுல பொய் ஏறாது."

இந்த மனுஷனுக்கெல்லாம் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று நினைத்துக்கொண்டாள் தாமரைச்செல்வி.

"சாவியத் திருப்பிக் குடுத்துட்டா பேரு எழுதுவீங்களா சார்?" என்று கேட்ட குஞ்சம்மாள், பதிலுக்குக் காத்திருக்காமல் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "குடுத்துட்டா அப்புறம் கஞ்சிக்கு எங்க போறது? வுடு கண்ணு. சார் மேல தப்பில்ல. அவருக்கும் வேல."

கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு ஒன்பதாவது கேள்வியை மறுபடியும் படித்தார், உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. பிறகு கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"சார்?"

"குடுன்னு சொல்றேன்ல."

"அது போச்சுன்னா என் பொழப்பு போயிடும் சார். லிஸ்ட்டும் வேணாம், ஒன்னும் வேணாம். நான் கேக்கவே இல்லன்னு வச்சிக்குங்க."

நீட்டிய கை அப்படியே இருந்தது. குஞ்சம்மாள் தாமரைச்செல்வியைப் பார்த்தாள். தாமரைச்செல்வி தரையைப் பார்த்தாள். சாவி கை மாறியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படிவத்தைத் தாமரைச்செல்வியிடம் கொடுத்தார்.

"ஒன்பதாவது கேள்வியக் கேளு."

"இப்பவா சார்?"

"இப்பத்தான். அதுல இருக்கறபடியே கேளும்மா."

தாமரைச்செல்வி வாசித்தாள். "வீட்டுச் சாவி எதுவும் தற்போது கைவசம் உள்ளதா?"

குஞ்சம்மாளின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. அங்கே துழாவி, வெறுங்கையாய்த் திரும்பியது.

"இல்ல," என்றாள்.

"அவங்க சொல்றத எழுது."

தாமரைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எழுதினாள். குஞ்சம்மாளின் கட்டைவிரலை மையில் ஒற்றிப் படிவத்தில் வைத்தாள். கீழே தெய்வசிகாமணி கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"அடுத்தது எந்தத் தெரு? வெயில் ஏறதுக்குள்ள முடிக்கணும்."

கேட்டுக்கொண்டே திரும்பியவர், சட்டைப் பையிலிருந்த சிவப்புக் கயிற்றைச் சாவியோடு எடுத்துக் கதவின் கைப்பிடியில் மாட்டினார். படியோரம் இருந்த பாயில் கால் படாமல் தாண்டி இறங்கினார்.