பத்தாவது அளவு

சிவகங்கைச் சீமையின் மானத்தைக் காத்ததே தம் வீட்டுச் சுரங்கப்பாதைதான் என்று கீழச்சிவல்பட்டி ஏகப்பன் தம் விடுதி விளம்பரத்தில் அச்சடித்துவிட்டார். அது காளையார்கோவில்வரை போகிறதாம். அளக்க வந்த அபிக்கு நாற்பதாவது அடியிலேயே பாறை முட்டியது.

"கொஞ்சம் நீட்டி வரைஞ்சு விடும்மா. சாயங்காலம் விருந்தாளிக வாராக."

"நான் வரையலைங்கய்யா. அளவை டைப் பண்ணிக் கட்டளை கொடுத்தா மென்பொருள் வரையும். நீங்க உள்ள போயிருக்கீகளா?"

"நான் எதுக்கு? வம்சமே போயிருக்கு."

கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்து, உள்ளே எடுத்த ஒன்பது அளவுகளையும் தட்டினாள். கறுப்புத் திரையில் பதில் வந்தது: அளவுகள் 10. எல்லாவற்றையும் அழித்து மறுபடி தட்டினாள். 11.

"நீண்டிருச்சுல்ல? நான் சொன்னேன்ல!" என்றார் ஏகப்பன்.

ஒவ்வோர் அளவுக்கும் மறுமுனையில் ஒருவர் விளக்குப் பிடித்து நிற்க வேண்டும். ஒன்பதுக்கும் பிடித்த அவள் உதவியாள் ஐயனார் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அபி வரைபடத்தைத் திறந்தாள். பாறையைத் தொட்ட கோடு அங்கேயே திரும்பியிருந்தது.

"ஐயா, இது காளையார்கோவிலுக்குப் போகலை. இங்குட்டு வருது."

"இங்குட்டுன்னா?"

அவள் மேசைக்கு அடியில் தரையைக் காட்டினாள். பிறகு மூன்றாம் முறையாகக் கட்டளை கொடுத்தாள். 12. கடைசி அளவு இரண்டு அடி, நேர் மேல்நோக்கி.

சாயங்காலம் விருந்தாளிகள் வந்தார்கள். ஏகப்பன் எழுந்து வாங்க என்று கூப்பிடவில்லை. இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.