மடவைக் குழம்பு

“எனக்கு மீன் வேண்டாம்ண்ணே” என்று தட்டைத் தள்ளி வைத்தாள் ராமசெல்வி.

விருந்துக்குப் போட்ட பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேசப்பனுக்குச் சுருக்கென்றது.

பின்னே? எண்ணூர் ஆற்றங்கரையில் மூடிக் கிடக்கும் சாயக் கம்பெனியைப் பிரித்தெடுக்க வந்திருக்கிற ஆபீசரம்மா அவள். இவரோ குப்பத்துத் தலைவர். எந்த ஆபீசர் வந்தாலும் முதலில் தலைவர் வீட்டு மீன் குழம்பு, அப்புறம்தான் பேச்சு. அது அந்தக் குப்பத்து வழக்கம். முன்னால் வந்தவர்கள் எல்லாம் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றார்கள்.

“இன்னா மேடம், எங்க வூட்டுல துன்னா கௌரவம் கொறைஞ்சுடுமா?” என்று எகிறினான் அர்ஜுன் என்கிற இளவட்டம்.

“நானே ஆக்குனது மேடம்” என்றாள் தேசப்பனின் மனைவி கன்னியம்மா. “நம்ம ஆத்து மடவை. முன்னாடி வந்தவரு போட்டோ எல்லாம் புடிச்சிகினு துன்னாரு.”

தேசப்பனுக்கோ வேறு கவலை. எண்ணூர் ஆற்று மீன் என்றாலே சந்தையில் முகத்தைச் சுளிக்கிறார்கள். கம்பெனித் தொட்டிகளில் தேங்கிய கழிவை முறையாக அள்ளினால்தான் அந்த மீனுக்கு மறுபடி மரியாதை. ஆனால் அள்ளுகிறேன் என்று ஆற்றிலேயே கொட்டிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் குப்பம் ஒரு லாரியைக்கூட உள்ளே விடவில்லை. இன்றைக்காவது பேசி முடிக்கலாம் என்று பார்த்தால், இந்தப் பெண் முதல் கவளத்திலேயே காரியத்தைக் கெடுக்கிறாளே!

“கெளம்புங்க மேடம்” என்று எழுந்துவிட்டார்.

“ஒரு நிமிஷம்ண்ணே. நான் தூத்துக்குடிக்காரி. மீனு இல்லாம எனக்குச் சோறே எறங்காது. இந்தக் குழம்பைப் பாத்ததுமே எச்சில் ஊறுது, சத்தியமா!”

“அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பிகு?” என்றார் தேசப்பன்.

“ஆத்து மீனுன்னு அக்கா சொன்னாங்கல்ல? தொட்டிக் கழிவு ஆத்துல எவ்வளவு கலந்திருக்குன்னு எனக்கே இன்னும் தெரியாது. நான் தின்னு காட்டினா, ‘ஆபீசரே தின்னுட்டாங்க, பயமில்ல’ன்னு நீங்க நம்பிருவீங்க. அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். முதல்ல தண்ணியையும் மீனையும் சோதிப்போம். உங்க படகுல, உங்க ஆளுங்களே எடுத்துக் குடுக்கட்டும். ரிசல்ட்டு முதல்ல உங்க கைக்குத்தான் வரும். அப்புறம் லாரி வர்றப்பவும் உங்க ஆளு கூடவே நிக்கட்டும்.”

கன்னியம்மா கலகலவென்று சிரித்தாள்.

“யோவ், இந்தப் பொண்ண நம்பலாம்யா! நல்லாக்கீது நல்லாக்கீதுன்னு துன்னுட்டுப் போனவன் எவனாவது திரும்பி வந்தானா?”

அதுவும் நியாயம்தானே! தேசப்பனுக்கு மனசு லேசாகிவிட்டது.

“டேய் அர்ஜுன், காலையில படகை எடு. மேடத்த நீயே இட்டுகினு போ. லாரிய மறிக்கக் கம்பெனி கேட்டுல போட்ட கட்டையையும் எடுத்துடு.”

அவ்வளவுதான். பந்தலில் விசில் காதைப் பிளந்தது. எகிறின அதே அர்ஜுன்தான் முதல் விசில்.

கன்னியம்மா தட்டை மறுபடியும் ராமசெல்வி முன்னால் தள்ளினாள்.

“இப்போ துன்னு கண்ணு.”

“ஐயோ அக்கா, இவ்வளவு சொல்லியுமா?”

“அட, இது ஆத்து மீனே இல்ல. பழவேற்காட்டு ஏரி மடவை. நீ இன்னா சொல்றேன்னு பாக்கத்தான் ஆத்து மீனுன்னேன். காலையிலயே ஆள வுட்டு வாங்கியாந்தேன்.”

ராமசெல்வி சிரித்துக்கொண்டே குழம்பில் கை வைத்தாள். தேசப்பன்தான் திறந்த வாயை மூடவில்லை.

“ஏய், அப்போ முன்னாடி வந்து துன்னானுங்களே, அவனுங்களுக்கு?”

“அதுவும் பழவேற்காடுதான். பொய் சொல்ற வாயா இருந்தாலும், நம்மள நம்பி வூட்டுக்கு வந்த வயிறாச்சேய்யா. அத நான் கெடுக்கலாமா?”