பூ ஏற்றி வந்த கப்பல்

"இன்னாம்மா டெபோரா, இந்தப் போனு வாயத் தொறந்தாலே பொய்யா அவுத்து வுடுது!"

லியோனார்டு கையை வீசினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை. பார்வை போய் நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து ராயபுரத்து ஒற்றை அறையில் தினமும் விளக்கு வைத்த பிறகு மனைவி ஹில்டா பேப்பர் படிப்பாள். அவர் சுவரில் சாய்ந்து கேட்பார்.

"பொய் இல்ல நைனா, ஏஐ. பேப்பரு மேல காட்டினா எழுத்தயும் படிக்கும், படத்தயும் சொல்லும். அம்மாவுக்குத் தொண்ட வலி மிச்சம்." மகள் போனைப் பேப்பர் மேல் பிடித்து மறுபடி தொட்டாள்.

'முதல் பக்கப் படம். எண்ணூர் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். எங்கும் புழுதி.'

"பாத்தியா! உங்கம்மா இப்பதான் படிச்சா. அதே படத்துல கப்பலு கீது. மேல்தளம் முழுக்க மல்லிப்பூவ ஏத்திக்கினு வருது. காசிமேட்டுல மீன் நாத்தமே காணோமாம்!"

டெபோரா பேப்பரைப் பார்த்தாள். லாரிகள்தான். அம்மாவைப் பார்த்தாள். ஹில்டா அவளை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"காட்டிக் குடுத்துடாதடி. வூட்டுக்குள்ளயே கெடக்கற மனுஷன். லாரியும் பொகையுமா படிச்சிக் காட்டறது? இந்த ஒரு மணி நேரந்தான் சிரிக்கறாரு. தெரிஞ்சா அதுவும் போச்சு."

டெபோரா உள்ளே வந்து போனை அணைத்தாள். "போன்லதான் கோளாறு நைனா. சரி பண்றேன்."

"ஒண்ணும் பண்ண வாணாம், எடுத்துக்கினு போ. ஹில்டா, நீ வா. கப்பலு எங்க நின்னுச்சு?"

ஹில்டா பேப்பரை விரித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டி மெல்ல உள்ளே வந்தது. கடல் அசையவில்லை. கிரேன்கள் கழுத்தை நீட்டிப் பூவை முகர்ந்தன. லியோனார்டின் விரல்கள், அங்கே இல்லாத லிவர் ஒன்றைப் பிடித்து அசைந்தன.

சட்டென்று ஃபேன் நின்றது. "கரண்ட் போச்சு!" என்று தெருவே கத்தியது. கும்மிருட்டு. மகள் முன்னால் இருட்டில் படிப்பதுபோல் நடிக்கக் கூச்சப்பட்டு, ஹில்டா பாதியில் நிறுத்தினாள்.

இருட்டில் லியோனார்டு சிரித்தார்.

"இன்னாத்துக்கு நிறுத்தின? நாலு வருஷமா ஃபேனு நின்னாலும் நீ பாட்டுக்குப் படிச்சிக்கினுதான கீற? பூ வாடறதுக்குள்ள எறக்கணும், படி."