மாஸ்டர் மகனும் புல்டோசரும்

"கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சுனு கத்துறேன்ல? காது எதுக்கும்மா வச்சிருக்கீங்க, அழகுக்கா?"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் போட்ட சத்தத்தில் கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றே போய்விட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நர்ஸம்மாவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

"கியர் கொஞ்சம் இறுக்கமா இருக்கு மாஸ்டர்..."

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஊருக்கெல்லாம் ஊசி போடுற கைதானே? அந்தக் கைக்கு ஒரு கியர் போட வராதா?"

மாஸ்டர் நல்ல மனுஷர்தான். வாய்தான் அவர் பேச்சைக் கேட்காது. மெதுவாகச் சொன்னால் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது என்பது அவர் கட்சி. கத்திக் கத்தியே எத்தனையோ பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். 'ஆளை விடுங்க சாமி, நாங்க நடந்தே போய்க்கிறோம்' என்று ஓடினவர்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு வழியாகக் கார் கிளம்பி, பள்ளிக்கூடத்துப் பின்பக்க மைதானத்துக்கு வந்தது. அங்கேதான் அந்தக் கண்ராவி.

ஒரு சைக்கிள். அதன்மேல் மாஸ்டரின் ஒரே மகன். பின்னாலேயே ஒரு தடியன், "நிறுத்தினே, தொலைச்சுடுவேன்!" என்று கத்தியபடி துரத்திக்கொண்டு வருகிறான். சைக்கிள் வளைந்து நெளிந்து போய் வேலியில் மோத, மகன் தொபுக்கடீர் என்று விழுந்தான். தடியனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்!

மாஸ்டர் தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"பார்த்தீங்களாம்மா இந்த அநியாயத்தை! அவன்தான் புல்டோசர். கிளாஸே அவனைக் கண்டா நடுங்குது. ஹெட்மாஸ்டர் கடைசி வார்னிங் கொடுத்தாச்சு. இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா டி.சி.தான். அதை இன்னிக்கு நான் கொடுக்கிறேன்!"

நர்ஸம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

"மாஸ்டர், ஒரு நிமிஷம்... என்ன ஏதுன்னு கேட்டுட்டு..."

"என்னத்தைக் கேக்குறது? கண்ணாலதான் பார்த்தேனே!"

கார் கதவைச் சாத்தக்கூட இல்லை. ஓடிப்போய் புல்டோசரின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். பையன் அவரைவிட ஒரு தலை உயரம். ஆனாலும் மாஸ்டரின் தொண்டை இருக்கிறதே, அது யாரைவிடவும் உயரம்.

"ஏண்டா, வாயில்லாப் பூச்சி கிடைச்சான்னு ஏறி மேயறியா? நாலு பேர் பார்க்க ஒரு புள்ளையை மிரட்டறதும் கத்தறதும் உனக்கு விளையாட்டா?"

"அப்பா, அவனை விடுங்கப்பா!" மகன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அவன் எனக்கு சைக்கிள் கத்துக் கொடுக்கிறான்."

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் மகனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது அந்த வீட்டு ரகசியம். சின்ன வயதில் மாஸ்டரே கற்றுக்கொடுக்க இறங்கினார். முதல் நாளே பையன் சைக்கிளைப் போட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அதோடு சரி.

"கத்துக் கொடுக்கிறவன் விழுந்தவனைப் பார்த்து சிரிப்பானா?"

"நானும்தாம்பா சிரிச்சேன்! இவன் எப்பவோ கையை விட்டுட்டான். வேலி வரைக்கும் நானே தனியா ஓட்டியிருக்கேன். பிரேக் பாடம் இன்னும் ஆரம்பிக்கலை, அதான் மோதிட்டேன்." மகனுக்கு முகமெல்லாம் பல்.

மாஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை. "பயத்துல சொல்றே நீ. இவனாவது, உனக்குச் சொல்லித் தர்றதாவது! நடடா ஹெட்மாஸ்டர் ரூமுக்கு!"

புல்டோசரின் கண் மாஸ்டருக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார் நர்ஸம்மா.

"வேண்டாம் மாஸ்டர். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், இவன் படிப்பு போயிடும். இவன் என் பையன்."

மாஸ்டரின் பிடி தானாகத் தளர்ந்தது.

"உங்க பையனா? இத்தனை நாள் பக்கத்துல உக்கார்ந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!"

"நீங்க எங்கே மாஸ்டர் பேச விட்டீங்க?"

சொல்லிவிட்டு நர்ஸம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். மகன் களுக்கென்று சிரித்துவிட்டு, அப்பாவின் முறைப்பைக் கண்டு சட்டென்று வேலியை ஆராய ஆரம்பித்தான்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் அரை ஸ்தாயி இறங்கியிருந்தது.

"சரிப்பா. கம்ப்ளெயிண்ட் எல்லாம் வேண்டாம். உண்மையை மட்டும் சொல்லு. எவனைக் கண்டாலும் அடிக்கப் போற ஆளு நீ. இவனோட மட்டும் எப்படி சேர்ந்தே?"

புல்டோசர் கசங்கிய காலரை நீவிவிட்டுக்கொண்டான்.

"இவனையும் அடிக்கத்தான் அங்கிள் போனேன். உங்க கிளாஸ் முடிஞ்சு வந்தா எங்கம்மா தினம் அழறாங்க, அந்தக் கோபம். சட்டையைப் பிடிச்சு விஷயத்தைச் சொன்னேன். 'உங்கம்மாவுக்கு ஒரு மணி நேரம்தாண்டா, எனக்கு நாள் முழுக்க'ன்னான். பாவமா போச்சு அங்கிள், ஃப்ரெண்டாக்கிக்கிட்டேன்."